மே 22 தீர்ப்புக்குப் பிறகு வீடு யார் பேரில்?

கேள்வி: கோத்தகிரி வாசகி, 2025 ஜூன் 3, காலை

சென்னை உயர் நீதிமன்றம் மே 22 அன்று கொடுத்த தீர்ப்பைப் பற்றி ஒரு யூடியூப் காணொலி பார்த்தேன். இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்தால் இனிமேல் அது சட்டப்படி குடும்பம், கல்யாணப் பதிவு தேவையில்லை, சொத்துரிமை தானாக வந்துவிடும் என்கிறார். நானும் என் துணையும் கோத்தகிரியில் ஒரு சின்ன வீடு பேசி முடித்திருக்கிறோம். கடன் அவள் பேரில்தான் கிடைக்கும். பத்திரத்தையும் அவள் பேரிலேயே போட்டுவிடலாமா? அதுதான் தீர்ப்பு இருக்கிறதே?

2025 ஜூன் 3, மாலை

போடாதீர்கள். யூடியூப்காரர் தலைப்புச் செய்தியோடு நிறுத்திவிட்டார்.

அது ஓர் ஆட்கொணர்வு மனு. 25 வயதுப் பெண்ணை வீட்டார் பிடித்து வைத்திருக்கிறார்கள், விடச் சொல்லுங்கள் என்று அவருடைய துணை போட்டது. நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணிடமே கேட்டார்கள். துணையோடு போகிறேன் என்றார். போகலாம், பெற்றோர் தடுக்கக் கூடாது, போலீஸ் பாதுகாப்புத் தர வேண்டும் என்று முடித்தார்கள். குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்றும் எழுதினார்கள். பெரிய வாக்கியம்தான், எனக்கும் படித்த அன்று தூக்கம் வரவில்லை. ஆனால் சொத்து, வாரிசு, கடன் பற்றி அந்தத் தீர்ப்பு எதையும் முடிவு செய்யவில்லை. அந்த மனுவில் அதை யாரும் கேட்கவும் இல்லை.

நான் குன்னூரில் ஒரு பத்திர எழுத்தர் ஆபீஸில் இருக்கிறேன். வக்கீல் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைத்தால் பிறகு திட்டுகிறவர்களுக்கு வசதி.

2025 ஜூன் 4

"அப்படியானால் டெல்லித் தீர்ப்பு?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எந்த டெல்லித் தீர்ப்பு? உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று கொடுத்தது, 377ஆம் பிரிவு பற்றி: ஒரே பாலினத்தவர் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்றது. அவ்வளவுதான். கல்யாணம் கேட்டுப் போனதற்கு 2023 அக்டோபர் 17 அன்று பதில் வந்தது. கல்யாணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை என்று அரசியல் சாசனத்தில் இல்லை என்று ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள். வேறு பேரிலாவது ஓர் அங்கீகாரம் கொடுக்கலாம் என்றவர்கள் சந்திரசூட், கவுல் இருவர். மற்ற மூவர் மறுத்தார்கள். சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடி. எனவே உங்கள் இருவரையும் சட்டப்படி ஒன்றாகக் கட்டும் கயிறு இன்றைக்குக் கிடையாது.

2025 ஜூன் 4, கொஞ்ச நேரம் கழித்து

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உறவே இல்லாத இருவர் சேர்ந்து வீடு வாங்கச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. கிரயப் பத்திரத்தில் இரண்டு பேரையும் போட்டு, யாருக்கு எவ்வளவு பாகம் என்று எழுதிவிடலாம். சிக்கல் வங்கியில்தான். பத்திரத்தில் பேர் உள்ளவர்கள் எல்லோரும் கடனிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள். போடுகிறவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று சொல்கிற வங்கியும் உண்டு, அப்படிச் சொல்லாத வங்கியும் உண்டு. நாலு இடத்தில் ஏறி இறங்குங்கள். ஏறி இறங்கத்தானே மலையில் இருக்கிறோம்.

பெண்கள் பேரில் வாங்கினால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, ஆனால் சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கோத்தகிரியில் 10 லட்சத்துக்கு என்ன வரும்? குளியலறையும் கொஞ்சம் தாழ்வாரமும்.

2025 ஜூன் 7

எல்லாம் நம்பிக்கையில்தானே, எங்களுக்குள் எதற்குப் பத்திரம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

எஸ்டேட் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சாக இருந்த இரண்டு பேர். பணியில் சேர்ந்த காலத்திலிருந்து ஒரே குவார்ட்டர்ஸ், ஓய்வு பெற்றதும் குன்னூருக்கு மேலே ஒரு வீடு. பத்திரம் மூத்தவர் பேரில். இளையவரும் பாதிப் பணம் கொடுத்தவர்தான், ரசீது எதுவும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் 'பெரிய சிஸ்டர், சின்ன சிஸ்டர்'. யாரும் ஒன்றும் கேட்டதில்லை. நம் ஊரில் இதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது, தெரியும், பேசமாட்டார்கள். மரியாதை என்று நாமும் நினைத்துக்கொள்வோம்.

பெரிய சிஸ்டர் உயில் எழுதாமல் போய்விட்டார். திருப்பூரிலிருந்து தம்பிகள் வந்தார்கள். நல்லவர்கள்தான், அதுதான் கொடுமை. தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாற்றி, வீட்டை விற்றுவிட்டார்கள். விற்பதற்கு முன் சின்ன சிஸ்டரைக் கூப்பிட்டு, 'அக்கா, உங்களுக்கு வேணுங்கிற சாமானை எடுத்துக்கங்க' என்றார்கள். அவர் ஃபிரிட்ஜும் தையல் மிஷினும் எடுத்துக்கொண்டார். கிரயப் பத்திரம் எங்கள் ஆபீஸில்தான் தயாரானது. அப்போது நான் புதுசு, டைப் மட்டும் அடித்தேன்.

அந்தத் தம்பிகள் சட்டத்தை மீறவில்லை. கல்யாணமாகாத, பெற்றோர் இல்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால் உடன்பிறந்தவர்களுக்குத்தான் போகும்.

2025 ஜூன் 8

"அது அந்தக் காலம், இப்போது தீர்ப்பெல்லாம் வந்துவிட்டது" என்று ஒருவர். நடந்தது 2016 வாக்கில். 2018, 2021, 2023, 2025 என்று எல்லாத் தீர்ப்பையும் அந்த மேஜையில் அடுக்கினாலும் தாசில்தார் அதே சான்றைத்தான் கொடுத்திருப்பார். சின்ன சிஸ்டரைக் காப்பாற்றியிருக்கக்கூடியது ஒரே காகிதம். உயில்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களும் போட வேண்டும். வீட்டில் சொல்லாதவர்கள், ஊரில் சொல்லாதவர்கள் இதைக் கவனியுங்கள்: உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டியதே இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டதை அவர் பார்த்தால் போதும். பலர் இதற்குப் பயந்தே தள்ளிப் போடுகிறார்கள்.

2025 ஜூன் 15

இழை வேறு பக்கம் போகிறது, போகட்டும். கொடைக்கானல் நண்பர் ஒருவர், "2019இல் திருநங்கை கல்யாணத் தீர்ப்பு மதுரைக் கிளை கொடுத்தது, அது உங்கள் நீலகிரிக்குச் செல்லாது" என்கிறார். செல்லும். கிளை வேறு, நீதிமன்றம் ஒன்றுதான். திண்டுக்கல் மாவட்டம் என்பதால் நீங்கள் வழக்குப் போட மதுரைக்குப் போகிறீர்கள். நாங்கள் மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்கிறோம். பஸ்தான் வேறு. இ-பாஸ் உத்தரவு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஒன்றாகத்தானே வந்தது? அதை யாரும் செல்லாது என்று சொல்லவில்லை. ஹோட்டல்காரர்கள் ஆசைப்பட்டார்கள், நடக்கவில்லை.

2019 ஏப்ரல் 22 தீர்ப்பு இதுதான்: தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு பதியப் போனார்கள், பதிவாளர் மறுத்தார். இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்றால் அதில் திருநங்கையும் அடக்கம், பதிவு செய் என்றார் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன். 2023இல் உச்ச நீதிமன்றம் மற்றதை மறுத்தபோதும் இதை மறுக்கவில்லை. ஆக, ஓர் ஆணும் திருநங்கையும் என்றால் கல்யாணம் உண்டு, வாரிசுரிமை உண்டு. திருநங்கையான அத்தை பெண் கல்யாணத்தைப் பதியலாமா என்று கேட்டிருந்த ஊட்டித் தம்பிக்கு: தாராளமாகப் பதியலாம். யாராவது மறுத்தால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள், முடிந்தால் நகலையே கையில் வைத்திருங்கள்.

இதே தீர்ப்பில்தான் இருபாலினக் கூறுகளோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அவசரமாக அறுவை செய்து 'சரி' பண்ணுவதை நிறுத்தச் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிர மற்றபடி கூடாது என்று தமிழ்நாடு அரசு அந்த வருடமே ஆணை போட்டது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2025 ஜூன் 29

ஆஸ்பத்திரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொந்தக் கதை.

நானும் ஒருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இரண்டு ஆண்கள் என்றால் மலையில் கேள்வி குறைவு. ரூம் எடுத்துத் தங்கும் பேச்சிலர்கள் என்று விட்டுவிடுவார்கள், தலை நரைத்த பிறகும் பேச்சிலர்கள்தான். இரண்டு பெண்களுக்கு அந்தச் சலுகை இல்லை, அது தெரியும்.

அவருக்குக் குடல்வால் வெடிக்கும் நிலையில் இரவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம். அண்ணன் என்று போட்டேன். கையெழுத்து வாங்கிய நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முக ஜாடை அப்படியே இருக்கு" என்றார். மறுநாள் ஈரோட்டிலிருந்து அவருடைய சொந்த அண்ணன் வந்து நின்றார், வேறு இனிஷியலோடு. அப்புறம் என்ன, பெரியப்பா மகன் என்று நான் பதவி இறங்கினேன்.

சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த அண்ணன் வந்ததும் டாக்டர் என்னைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். மருந்து எது ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத்தான் தெரியும், கேள்வியோ அவரிடம். அவர் பாவம், "நீயே சொல்லுப்பா" என்று என்னைப் பார்த்தார். அந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது: நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவர் உடலைப் பெற்றுக்கொள்ளலாம். உடலை. உயிரோடு இருக்கும்போது கட்டத்தில் என்ன எழுதுவது என்பதற்குப் பதில் அதில் இல்லை.

2025 ஜூன் 30

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 14ஆம் பிரிவு. எனக்காகப் பேசும் பிரதிநிதி இவர் என்று வயது வந்த யாரையும் நீங்கள் நியமிக்கலாம், உறவே வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். மனநல சிகிச்சைக்கு மட்டும்தான் பொருந்தும். குடல்வாலுக்குப் பொருந்தாது. ஆனாலும் எழுதி வையுங்கள். வீட்டார் ஒருநாள் 'மாற்றிக் காட்டுகிறோம்' என்று எங்காவது இழுத்துக்கொண்டு போனால் அந்தத் தாளுக்கு வேலை வரும்.

2025 ஜூலை 12

வங்கி, ரேஷன்.

2024 ஆகஸ்ட் 28 அன்று நிதி அமைச்சகம் அறிவித்தது: எல்ஜிபிடி ஜோடிகள் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடை இல்லை. தடை அதற்கு முன்னாலும் இல்லை. எந்த இரண்டு பேரும் கூட்டுக் கணக்கு வைக்கலாம், மாமனும் மச்சானும் வைக்கிறார்கள். கவுண்டரில் 'என்ன உறவு, ஏன்' என்று இழுப்பவரின் வாயை அடைக்க அந்த அறிவிப்பு உதவும். எங்களுக்கு உதவியது. 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் தொடங்குங்கள், மற்றதெல்லாம் தலைவலி.

நாமினி என்றால் சொந்தக்காரர் என்று நினைக்காதீர்கள். வாங்கி வைத்திருந்து வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர், அவ்வளவுதான். உச்ச நீதிமன்றம் இன்சூரன்ஸ் பணத்துக்கு 1984லேயே சொன்னது, பங்குகளுக்கு 2023 டிசம்பரில் திரும்பவும் சொன்னது. இதற்கு நடுவில் 2015இல் இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்று ஆக்கினார்கள். நம் ஆட்கள் அந்தப் பட்டியலில் இல்லை. உயிலில் பாலிசியையும் எழுதுங்கள்.

ரேஷன் அட்டையில் துணையை ஒரே குடும்பமாகச் சேர்க்கலாம் என்றும் மத்திய அரசு 2024இல் மாநிலங்களுக்கு எழுதியது. சேருவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அட்டைக்கு ஒருவருக்குத்தான். அரசாங்கம் உங்களைக் குடும்பமாக ஏற்றுக்கொண்டால் மாதம் 1,000 ரூபாய் நஷ்டம்.

2025 ஆகஸ்ட் 2

"உயில் எதற்கு, இப்போதே பாதி வீட்டை அவள் பேரில் எழுதிவிடலாமே?" எழுதலாம், செலவைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். குடும்ப உறுப்பினருக்குத் தான செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. வெளியாள் என்றால் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் தனி. உங்கள் துணை இந்தக் கணக்கில் வெளியாள். முப்பது வருடம் பேசாமல் இருக்கும் அண்ணனுக்கு 1, கூடவே இருக்கும் துணைக்கு 7. அதோடு வருமான வரியும் உண்டு: உறவினர் அல்லாதவரிடமிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் அது வாங்குபவரின் வருமானம். கணவன் மனைவி என்றால் வரி இல்லை.

நான் ரொம்பக் காலமாக நினைத்தது, கல்யாணம் வேண்டும் என்று கேட்பவர்கள் ஊர்வலம், மண்டபம், ஃபோட்டோ இதற்கெல்லாம் ஆசைப்படுகிறார்கள் என்று. எங்களுக்கு அந்த ஆசை கிடையாது. இந்த 1க்கும் 7க்கும் நடுவில் உள்ளதைக் கூட்டிப் பார்த்த பிறகு அப்படிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து கேட்பவர்களுக்கு: ஜென்மம் நிலத்தில் (பழைய நிலக்கிழார்களின் எஸ்டேட் நிலம்) பட்டாவே இல்லாத வீடு என்றால் 1ம் இல்லை, 7ம் இல்லை. 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உங்களையும் உங்கள் பக்கத்து வீட்டுக் கணவன் மனைவியையும் சமமாகத்தான் நடத்துகிறது.

2025 ஆகஸ்ட் 24

பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஓர் ஜோடி இதே அன்பளிப்பு வரியை எதிர்த்து மனுப் போட்டிருக்கிறார்கள், நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. இதுதான் எனக்குப் பிடித்த வழக்கு. கல்யாணத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது, சரி. வரிக் கட்டத்தை வைத்து ஜன்னல் வழியாக ஏறுகிறார்கள்.

நம் ஊரிலும் ஒரு ஜன்னல் உண்டு. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு யோசனை சொன்னார்: இருவர் சேர்ந்து 'நாங்கள் ஒரு குடும்பம்' என்று ஓர் ஒப்பந்தம் பதிவு செய்ய அரசு வழி செய்யலாம். நான் முதலில் இதைக் கேட்டபோது, பத்திர எழுத்தருக்கு இன்னொரு வரும்படி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு யோசித்தால், அதை வைத்துக்கொண்டு முத்திரைத் தீர்வையில் 1 சதவீதம் கேட்க முடியுமா? சட்டத்தில் உள்ள குடும்ப விளக்கத்தை மாற்றாமல் முடியாது. சின்ன சிஸ்டருக்கு அது உதவியிருக்குமா? வாரிசுச் சட்டத்தைத் தொடாமல் உதவாது. வீட்டுக்காரர், போலீஸ், ஆஸ்பத்திரி, இந்த மூன்று இடத்தில் காட்ட உதவும். அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் அப்படி ஒரு படிவம் இன்னும் எங்கள் பதிவாளர் அலுவலகத்துக்கு வரவில்லை.

2025 செப்டம்பர் 9

இந்த இழையில் நேற்று ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். கொடைக்கானல் மேல்மலைக் கிராமம். மகள் கல்லூரித் தோழியோடு போய்விட்டாள், காணவில்லை என்று புகார் கொடுக்கலாமா, கோவையில் 'சரிசெய்யும்' டாக்டர் யாராவது தெரியுமா என்று கேட்கிறார்.

ஐயா, மகளுக்கு 18 முடிந்திருந்தால் புகார் நிற்காது. 2021 ஜூன் 7, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்குப் போனார்கள், பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் வாக்குமூலம் வாங்கி, விருப்பத்தோடு போனார்கள் என்று தெரிந்தால் தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்பது உத்தரவு. இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் போலீஸ் நடத்தை விதியிலேயே சேர்த்துவிட்டார்கள். டாக்டர் யாரும் கிடையாது. மாற்றும் சிகிச்சை தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

2025 செப்டம்பர் 10

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். பதிவாளர் ஆபீஸ் ஜன்னல் மாதிரி இருக்கிறது. விஷயம் அதேதான், மாற்ற ஒன்றும் இல்லை. ஒன்றைச் சேர்க்கிறேன்.

அந்த 2021 வழக்கில் நீதிபதி தீர்ப்புக்கு முன் தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார், எனக்கு இது புரியவில்லை, புரிய வையுங்கள் என்று. தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார். உயர் நீதிமன்ற நீதிபதி போகலாம் என்றால் நீங்களும் போகலாம். மகளை அல்ல, உங்களைக் கூட்டிக்கொண்டு. இந்த மே மாதத் தீர்ப்பிலும் அந்தப் பெண்ணின் தாயைப் பற்றி, எல்லாத் தாயும் லீலா சேத் ஆகிவிட முடியாது என்கிற மாதிரி ஓர் இடம் வருகிறது. லீலா சேத் நீதிபதியாக இருந்தவர், மகனுக்காக வெளிப்படையாக எழுதியவர். ஈரோட்டு அண்ணன் மாதிரி ஆனால்கூடப் போதும் ஐயா. ஒன்றும் சொல்ல வேண்டாம். ஃபோனை எடுங்கள்.

2025 அக்டோபர் 18

நேற்று உச்ச நீதிமன்றத்திலிருந்து ஒன்று. திருநங்கை ஆசிரியரைப் பள்ளிகள் வேலையை விட்டு அனுப்பிய வழக்கு. இழப்பீடு கொடுக்கச் சொல்லி, சம வாய்ப்புக் கொள்கை தயாரிக்க டெல்லி உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழுவும் போட்டிருக்கிறார்கள். திருநர் உரிமைகளைப் பாதுகாக்க வந்த 2019 சட்டம் காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்று அரசுகளுக்கு நல்ல திட்டு. ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு. கல்யாணத் தீர்ப்பு வந்த அதே அக்டோபர் 17.

தகப்பனார் திரும்ப எழுதவில்லை.

2025 நவம்பர் 6

கோத்தகிரி வாசகிக்கு வீடு கிடைத்துவிட்டது, இரண்டு பேர் பேரிலும், சரிபாதி. மூன்றாவது வங்கி. வாழ்த்துகள். இனி உயில், இரண்டு பேரும் தனித்தனியாக.

கேட்ட சந்தேகங்களுக்கு: 'துணை' என்று எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. 'என்னுடன் வசித்து என்னைப் பராமரித்து வரும்' என்று பேர், முகவரி, ஆதாரில் உள்ளபடி எழுதினால் ஆள் யார் என்பதில் குழப்பம் வராது. எழுத விரும்பினால் எழுதுங்கள், யாரும் தடுக்க முடியாது; நான் எங்களுடையதில் எழுதினேன். உடன்பிறந்தவர்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும், 'அவர்கள் வசதியாக இருப்பதால்' என்று மரியாதையாக. வயதான பிறகு எழுதினால் சுய நினைவோடு இருக்கிறார் என்று டாக்டர் சான்று ஒன்று. உயிலால் சொத்துப் பெறப்போகிறவரையே சாட்சியாகப் போடாதீர்கள். உங்களைவிட வயதில் சின்னவர்களைச் சாட்சியாகப் பிடியுங்கள். நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்ல அவர்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

பதிவு கட்டாயமில்லை என்றேன். இருந்தாலும் உங்கள் விஷயத்தில் பதிந்துவிடுங்கள். கோத்தகிரியில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்றால் குன்னூரிலோ ஊட்டியிலோ பதியலாம், உயிலுக்குச் சொத்து இருக்கும் ஊரிலேயே பதிய வேண்டும் என்றில்லை. முகூர்த்த நாளில் வராதீர்கள், அன்றைக்குக் கிரயக் கூட்டம் தாங்காது. கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து மதியத்துக்கு மேல் வாருங்கள்.